விலையா, பிம்பமா? கணினி நிறுவனங்களின் விளம்பரச் சண்டை, ஓர் எளிய விளக்கம்

ஒரு நிறுவனம் தன் சரக்கைப் புகழ்வதோடு நிற்காமல் போட்டியாளரின் சரக்கையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் அது ஒப்பீட்டு விளம்பரம். பெயர் சொல்லியும் செய்யலாம், பார்ப்பவருக்குப் புரிகிற மாதிரி சாடையாகவும் செய்யலாம். சோப்பு, பற்பசை விளம்பரங்களிலும் இது உண்டு. ஆனாலும் அமெரிக்கக் கணினிச் சந்தை அளவுக்கு இதை வெளிப்படையாகவும் விடாமலும் செய்த துறைகள் குறைவு. 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் ஆயுதங்கள் இரண்டு. "எங்களுடையது மலிவு" என்பது விலைத் தாக்குதல். "எங்களுடையதை வைத்திருப்பவர் வேறு ரகம்" என்பது பிம்பத் தாக்குதல். இவற்றில் எதை எடுப்பது என்பது விளம்பரம் எடுப்பவரின் ரசனையைப் பொறுத்தது என்று தோன்றும். அப்படி இல்லை. போட்டியாளரால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதோ, அந்தக் கேள்வியோடு வாங்குபவரைக் கடைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. விலையில் இளைத்தவர் "நீங்கள் எந்த மாதிரி ஆள்?" என்று கேட்பார். பிம்பத்தில் இளைத்தவர் "கையில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பார்.

ஒரு விலை விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

2009 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் "லேப்டாப் ஹன்டர்ஸ்" என்ற வரிசையைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் படத்தில் லாரன் என்ற இளம்பெண். 1,000 டாலருக்குள் தனக்குப் பிடித்த லேப்டாப்பைக் கண்டுபிடித்தால் அது அவருக்கே சொந்தம். அவர் கேட்பது மூன்று: வேகம், வசதியான விசைப்பலகை, 17 அங்குலத் திரை. முதலில் ஆப்பிள் கடைக்குப் போய்விட்டு வெளியே வருகிறார். 1,000 டாலருக்குள் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் 13 அங்குலம். மேக் (ஆப்பிளின் கணினி) வாங்கும் அளவுக்கு நான் "கூல்" இல்லை போலிருக்கிறது என்று காரில் சொல்லிக்கொள்கிறார். பிறகு பெஸ்ட் பை கடையில் 699.99 டாலருக்கு 17 அங்குல எச்பி பெவிலியன் கிடைக்கிறது. துள்ளிக் குதிக்கிறார். படம் முடிந்தது.

இதில் கனமான வேலையைச் செய்வது 1,000 என்ற எண் அல்ல, 17 என்ற எண். அன்றைக்கு ஆப்பிளின் வெள்ளை மேக்புக் 999 டாலர். லாரன் 13 அங்குலம் போதும் என்றிருந்தால் ஒரு டாலர் மிச்சத்தோடு ஆப்பிள் தேர்வாகியிருக்கும், விளம்பரமும் படுத்திருக்கும். 17 அங்குலம் என்றவுடன் ஆப்பிளிடம் இருந்த ஒரே பதில் 2,799 டாலர் மேக்புக் ப்ரோ. அதாவது தேவைப் பட்டியலை எழுதும்போதே போட்டியாளரிடம் அந்த விலையில் சரக்கு இல்லாத இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லா விலை ஒப்பீட்டிலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: கேட்கப்பட்ட அம்சம் எது, அது ஏன் கேட்கப்பட்டது.

அடுத்தது, படத்தில் சொல்லாமல் விட்டது. அந்த 17 அங்குல மேக்புக் ப்ரோவின் திரை 1920×1200 புள்ளிகள், எடை 3 கிலோ அளவு, ஒரே அலுமினியத் துண்டில் குடைந்த உடல், ஆப்பிளின் கணக்கில் 8 மணி நேர பேட்டரி. 700 டாலர் கணினியில் இவை கிடையாது. இவை இல்லாமலும் லாரனுக்கு வேலை நடக்கும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த வாதத்தைப் படம் வைக்கவே இல்லை. திரையின் குறுக்களவு ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்று என்று பார்ப்பவரையே நினைக்கவிட்டது.

இன்னொரு நுணுக்கம் அந்த "கூல் இல்லை" என்ற வசனம். ஆப்பிளின் பிம்பத்தை மைக்ரோசாஃப்ட் மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டு, அதற்குத்தான் மிச்சப் பணம் போகிறது என்று திருப்பிவிட்டது. பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவில் வேலை போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. பகட்டுக்குப் பணம் கொடுக்காதே என்பது அப்போது எடுபட்டது. விலை விளம்பரம் என்று பெயர், உள்ளே ஓடுவது பிம்பத்தின் மேல் அடி.

விலையை அடிப்படையாக வைத்த விளம்பரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. போட்டியாளர் ஒரே நாளில் அதைப் பொய்யாக்கிவிடலாம். 2009 ஜூனில் ஆப்பிள் 15 அங்குல மேக்புக் ப்ரோவை 1,999 டாலரிலிருந்து 1,699 ஆகவும், 17 அங்குலத்தை 2,799 டாலரிலிருந்து 2,499 ஆகவும் இறக்கியது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்டின் தலைமை இயக்க அலுவலர் கெவின் டர்னர் ஒரு கூட்டத்தில், ஆப்பிளின் சட்டப் பிரிவு தங்களைக் கூப்பிட்டு, விலையைக் குறைத்துவிட்டோம், அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள் என்று கேட்டதாகக் குதூகலத்தோடு சொன்னார். போட்டியாளரின் விலைப்பட்டியலையே அசைத்துவிட்டோம் என்பதற்கு அவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பெட்டி விலையும் முழு விலையும்

விலை ஒப்பீட்டின் பழைய பாடம் 1982இல் இருக்கிறது. கமடோர் நிறுவனத்தின் கமடோர் 64 கணினி 595 டாலருக்கு வந்தது, 64 கேபி ரேமோடு. ஐபிஎம் பிசியின் அடிப்படை மாடல் 1981 ஆகஸ்டில் 1,565 டாலருக்கு வந்திருந்தது, 16 கேபி ரேமோடு. கமடோர் தன் விலையை ஆப்பிள், ஐபிஎம் விலைகளின் பக்கத்தில் அச்சிட்டு, இரண்டு மடங்கு கொடுத்தாலும் இதைவிட நல்ல கணினி கிடைக்காது என்று விளம்பரம் செய்தது.

எண்கள் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே வெறும் பெட்டி விலை. ஐபிஎம்மின் 1,565 டாலரில் மானிட்டரும் இல்லை, ஃபிளாப்பி டிரைவும் இல்லை. 64 கேபி நினைவகம், ஒரு டிரைவ், ஒரு மானிட்டர் என்று சேர்த்தால் சுமார் 3,000 டாலர். கமடோருக்கும் டிரைவ் தனி, அது ஏறத்தாழ 400 டாலர். வீட்டு டிவியையே திரையாக வைத்துக்கொண்டால் மொத்தம் 1,000 டாலரில் முடியும். அப்படிப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் விளம்பரத்தில் காட்டியதைவிட அதிகம்! பெட்டி விலை எப்போதும் விளம்பரதாரருக்குச் சாதகமாகத்தான் ஏமாற்றும் என்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கமடோர் 64 ஒரு வரியில் 40 எழுத்து காட்டும், ஐபிஎம் பிசி 80 காட்டும். கடிதம் அடிக்கவும் கணக்குப் பதியவும் அலுவலகத்துக்கு 80 வேண்டும். விளையாட்டுக்கும் நிறத்துக்கும் ஒலிக்கும் கமடோர் எங்கேயோ மேல். இரண்டையும் வாங்க வருபவர்கள் வேறு ஆட்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்க முடியாத இரண்டு பொருள்களை ஒரே அட்டவணையில் நிறுத்தினால், கணக்கு சரியாக இருந்தும் ஒப்பீடு தவறாகிவிடும்.

கமடோரால் இவ்வளவு இறங்க முடிந்ததற்குக் காரணம், சிப் செய்யும் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தை 1976இலேயே அது வாங்கியிருந்தது. மற்றவர்கள் வெளியில் வாங்கிய சிப்பை அது அடக்க விலைக்கே எடுத்துக்கொண்டது. விலைப் போரில் இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது போட்டியாளரின் கடை விலையை அல்ல, அவருடைய அடக்க விலையை. இதைப் பார்க்காமல் மோதியது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அதன் டிஐ-99/4ஏ 1981இல் 525 டாலர். 1982இல் 100 டாலர் திருப்பித் தரும் சலுகை அறிவித்தார்கள். கமடோர் தன் விக்-20 கணினியின் விலையை இறக்கியது. இவர்கள் இன்னும் இறக்கினார்கள். 1983 நடுவில் டிஐ கணினி 99 டாலருக்கு வந்துவிட்டது, ஒவ்வொன்றிலும் நட்டம். கணினியில் போனதை மென்பொருளில் பிடிக்கலாம் என்று வெளியாரின் மென்பொருளுக்குக் கதவையும் சாத்தியிருந்தார்கள். அதனால் விளையாட்டுகளும் குறைந்தன. 1983 அக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலையே மூடினார்கள்.

அதே ஆண்டு கமடோர் ஒரு எக்ஸ்சேஞ்ச் திட்டமும் வைத்தது. பழைய கணினியோ விளையாட்டுக் கருவியோ எதை அனுப்பினாலும் கமடோர் 64 வாங்கியவருக்கு 100 டாலர் திரும்ப வரும். அப்போது 100 டாலரைவிட வெகு குறைவாக விற்றுக்கொண்டிருந்த டைமெக்ஸ் சின்க்ளேர் கணினியைப் புதிதாகவே வாங்கி, அதை அப்படியே அனுப்பிக் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். சலுகையின் விதியை எழுதுபவர் சந்தையில் கிடைக்கும் மிக மலிவான பொருளின் விலையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அல்லது தெரிந்தேதான் எழுதினார்களோ என்னவோ, போட்டியாளரின் பொருளைக் குப்பையாக்கிக் காட்டியதே போதுமான விளம்பரம்.

கமடோரை நடத்திய ஜாக் டிராமியெல் 1984இல் வெளியேறி அடாரியை வாங்கினார். 1985இல் வந்த அடாரி எஸ்டிக்கு அவர் வைத்த முழக்கத்தின் சாரம்: ஆற்றல் உண்டு, அந்த விலை கிடையாது. எந்த விலை என்று சொல்லத் தேவையில்லை. ஆப்பிளின் மெக்கின்டோஷ் விலைதான்.

பிம்பம் விற்பதற்கும் காசு வேண்டும்

1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டத்தின் மூன்றாம் காற்பகுதியில் ஆப்பிளின் "1984" விளம்பரம் ஓடியது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட், விளம்பர நிறுவனம் ஷயாட்/டே. சாம்பல் நிறக் கூட்டம், பெரிய திரையில் ஒரு முகம், ஓடிவந்து சம்மட்டியை வீசும் ஒரு பெண். கணினி படத்தில் வரவே இல்லை. ஐபிஎம் பெயரும் இல்லை. ஆனாலும் அந்த முகம் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கின்டோஷ் வந்தது, விலை 2,495 டாலர், 128 கேபி ரேம். உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்தது 1,995. தலைமைச் செயல் அலுவலர் ஜான் ஸ்கல்லி 500 டாலர் ஏற்றியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அறிமுகத்துக்கான விளம்பரச் செலவு. பிம்பத்துக்கான கட்டணம் விலைச்சீட்டிலேயே ஏறிய தெளிவான உதாரணம் இது. பிம்பம் விற்கும் நிறுவனம் விலையைக் குறைக்கத் தயங்குவதும் இதனால்தான். லாபம் குறைந்தால் அடுத்த பிரசாரத்துக்குக் காசு இருக்காது. விலையே ஒரு தகுதிச் சின்னமாகிவிட்ட பிறகு, குறைத்தால் சின்னமும் தேயும்.

ஐபிஎம்மும் சும்மா இருக்கவில்லை. அலுவலகங்களுக்குப் பெரிய எந்திரம் விற்ற, பார்த்தாலே பயம் வரும் நிறுவனம் என்ற பெயரைப் போக்க, சார்லி சாப்ளினின் நாடோடி வேடத்தை பிசி விளம்பரங்களில் கொண்டுவந்தது. சந்தையில் பெரிய ஆளுக்குத் தேவை நட்பு முகம். சின்ன ஆளுக்குத் தேவை எதிரி. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஆப்பிள் ஒரு முழுப்பக்க நாளிதழ் விளம்பரத்தில் ஐபிஎம்மை "வரவேற்றது". கிண்டல் என்றுதான் எல்லாரும் படித்தார்கள். ஆனால் அதன் உண்மையான பலன் வேறு: இந்தத் துறையில் எங்கள் சமத்துக்கு வந்து நிற்பவர் ஐபிஎம் மட்டும்தான் என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். மற்ற சிறு நிறுவனங்கள் படத்திலிருந்தே காணாமல் போயின.

பிம்ப விளம்பரம் எங்கே உடையும் என்பதற்கு 1985 சூப்பர் பௌல் சாட்சி. ஆப்பிள் மறுபடி ஒரு படம் போட்டது. கண்ணைக் கட்டிக்கொண்ட அலுவலகக்காரர்கள் வரிசையாகப் போய் மலை விளிம்பிலிருந்து விழுகிறார்கள். முந்தைய ஆண்டு திட்டியது திரையில் தெரிந்த முகத்தை. இந்த ஆண்டு திட்டியது ஐபிஎம் வாங்கும் மனிதர்களை, அதாவது ஆப்பிள் யாரிடம் விற்க வேண்டியிருந்ததோ அவர்களையே. படம் தோற்றது. போட்டியாளரை அடி, அவருடைய வாடிக்கையாளரை அடிக்காதே என்பது அதன்பின் இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

மேக்கும் பிசியும் மனிதர்களாக வந்தபோது

அந்தச் சட்டத்தைக் கவனமாகப் பின்பற்றியது 2006 மே முதல் 2009 வரை ஓடிய "கெட் எ மேக்" வரிசை. மொத்தம் 66 படங்கள், பெரும்பாலும் அரை நிமிடம். வெள்ளைப் பின்னணி, இரண்டு பேர். ஜீன்ஸ் அணிந்த ஜஸ்டின் லாங் மேக். உடம்புக்குப் பொருந்தாத கோட்டு போட்ட ஜான் ஹாட்ஜ்மன் பிசி. இங்கே "பிசி" என்பது விண்டோஸ் ஓடும் எந்திரம்தான், அதை வைத்திருப்பவர் அல்ல. அவர் கெட்டவரும் அல்ல, பாவம், கொஞ்சம் தடுமாறுகிறார். மேக் அவரை ஒருபோதும் கேலி செய்வதில்லை. தும்மினால் கைக்குட்டை நீட்டுகிறார். அந்தத் தும்மல் வரும் படத்தில் பிசிக்கு 1,14,000 வைரஸ்கள் இருப்பதாக ஒரு எண் வரும், பிறகு பிசி தடாலென்று விழுவார். அந்த ஒரு எண்ணைத் தவிர மற்றதெல்லாம் நடிப்பு.

விலை பற்றிய பேச்சு கிட்டத்தட்ட இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே ஆப்பிள் தோற்கும். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், 2006 ஜனவரியிலிருந்து மேக்குக்குள்ளும் பிசிக்களில் இருந்தது போல இன்டெல் சிப்தான். அதற்கு எட்டு ஆண்டு முன்பு இதே ஆப்பிள், இன்டெல் பென்டியம் 2 சிப்பை ஒரு நத்தையின் முதுகில் ஏற்றி விளம்பரம் செய்திருந்தது. அதே சிப் நிறுவனத்திடம் போன பிறகு வேகம் பற்றி வாயைத் திறக்க முடியாது. எந்திரத்தின் உள்ளே வித்தியாசம் சுருங்கியபோது வித்தியாசத்தைச் சுமக்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தது. ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்டுக் குறுக்கே வரும் அதன் பாதுகாப்புப் பெட்டியை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பாதுகாவலராக்கி பிசியின் பின்னால் நிறுத்தினார்கள். பிசி ஒவ்வொரு வாக்கியம் பேசும்போதும் அவர் "ரத்தா, அனுமதியா?" என்று கேட்பார். விஸ்டா பயன்படுத்திய எவருக்கும் அது மிகையாகத் தெரியவில்லை. சாடை விளம்பரம் பலிக்க வேண்டுமானால் பார்ப்பவரின் மேசையில் அந்தத் தொல்லை நிஜமாகவே இருந்தாக வேண்டும்.

எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி எடுபடவில்லை. பிரிட்டனுக்கு மிட்செல், வெப் என்ற நகைச்சுவை ஜோடியை வைத்து எடுத்தார்கள். அங்கே பலருக்கு பிசியைத்தான் பிடித்துப்போனது, மேக் தற்பெருமைக்காரராகத் தெரிந்தார். நேருக்கு நேர் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது நாகரிகக் குறைவு என்று நினைக்கும் ஜப்பானுக்கு வசனங்களையே மென்மையாக்க வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் பதில் சொல்ல இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 2008இல் 30 கோடி டாலர் பிரசாரம் என்று பேச்சு. முதலில் பில் கேட்ஸும் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டும் செருப்புக் கடையில் பேசிக்கொள்ளும் படம். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. அதன்பின் வந்ததுதான் சரியான அடி. ஹாட்ஜ்மன் போலவே உடுத்திய ஒரு மைக்ரோசாஃப்ட் பொறியாளர், "நான்தான் பிசி, என்னை ஒரு கேலிப்படமாக்கிவிட்டார்கள்" என்கிறார். பிறகு வரிசையாக ஆசிரியர், விவசாயி, கடலில் முக்குளிப்பவர் என்று பலரும் "நான் பிசி" என்கிறார்கள். ஆப்பிள் எந்திரத்தைத்தான் கேலி செய்தது. மைக்ரோசாஃப்ட் அதை வாடிக்கையாளர்கள் மேல் விழுந்த கேலியாக மாற்றிக்காட்டியது. 1985இல் ஆப்பிள் தானாகப் போய் விழுந்த பள்ளத்தில் இந்த முறை தள்ளிவிடப்பட்டது.

ஆப்பிளின் மறுபதிலும் சாமர்த்தியம். ஒரு மேசையில் பிசி பணக்கட்டுகளைப் பங்கு பிரிக்கிறார்: பெரிய குவியல் விளம்பரத்துக்கு, சின்னக் குவியல் விஸ்டாவைச் சரிசெய்ய. போட்டியாளரின் விளம்பரச் செலவையே குற்றச்சாட்டாக்குவது அரிது. லாரன் படத்துக்கும் 2009 மேயில் பதில் வந்தது. மேகன் என்ற பெண் கணினி தேடி வருகிறார், ஒரு கூட்டம் பிசிக்கள் நிற்கின்றன. பெரிய திரை, வேகம் என்று கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகின்றன. வைரஸும் செயலிழப்பும் இல்லாதது வேண்டும் என்றதும் ஒருவரும் மிச்சமில்லை. லாரன் படத்தின் அதே உத்தி, தேவைப் பட்டியல் மட்டும் வேறு.

எண் வேடம் போட்ட பிம்பம்

விலைக்கும் பிம்பத்துக்கும் நடுவில் "வேகம்" நிற்கிறது. அளந்து சொன்னது போல இருக்கும், உண்மையில் பிம்ப வேலைதான் செய்யும். நத்தை விளம்பரத்தின் பின்னால் இருந்தது பைட்மார்க் என்ற சோதனை, அதிலும் முழு எண் கணக்குப் பகுதி மட்டும். அதில் ஆப்பிள் பயன்படுத்திய ஜி3 சிப் இரண்டு மடங்கு வரை வேகம். தினசரி மென்பொருளில் அந்த விகிதம் நிற்கவில்லை.

2003இல் பவர் மேக் ஜி5ஐ உலகின் அதிவேகத் தனிநபர் கணினி என்று ஆப்பிள் அறிவித்தது. ஸ்பெக் என்ற வேகச் சோதனையை இரு தரப்புக்கும் ஒரே ஜிசிசி கம்பைலரில் (நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருளில்) ஓட்டியிருந்தார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பென்டியம், ஸியான் சிப்புகளுக்கு இன்டெலின் சொந்தக் கம்பைலரில் கிடைக்கும் மதிப்பெண் இதைவிட நிறைய அதிகம், டெல் வெளியிட்டிருந்த எண்களும் அவைதான். பிரிட்டனின் தொலைக்காட்சி ஒழுங்காற்று ஆணையம் அந்த விளம்பரத்தைத் தடுத்தது. அமெரிக்காவில் டெல் புகார் செய்ய, விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு 2004இல் அந்த வாசகத்தை விடச் சொன்னது.

2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெலை விட்டுத் தன் சொந்த எம்1 சிப்புக்குப் போனபோது வேகப் பேச்சு திரும்பி வந்தது. மேடையில் காட்டிய வரைபடங்களின் அச்சுகளில் எண்களே சரியாக இல்லை, ஒப்பிட்டது எந்த பிசி சிப் என்ற விவரமும் மங்கல். அடுத்த ஆண்டு இன்டெல் திருப்பி அடித்தது. வேகத்துக்கு கோர் ஐ7-1185ஜி7 சிப்பை வைத்த அதே ஒப்பீட்டில், பேட்டரிக்கு மட்டும் ஐ7-1165ஜி7 உள்ள வேறு லேப்டாப்பை வைத்திருந்தது. இரண்டு எண்களும் ஒரே கணினியில் சேர்ந்து கிடைக்காது. கூடவே 2021 மார்ச்சில் பழைய மேக்காக நடித்த ஜஸ்டின் லாங்கையே கூப்பிட்டு பிசியைப் புகழவைத்தது. ஆளை வாங்கலாம், ஆனால் பதினைந்து வருடம் முன்பு அவர் பேசியதைத்தான் பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஆப்பிளுக்கு இலவச விளம்பரம்.

பிசி விளம்பரங்கள் ஏன் ஒன்று போல இருக்கின்றன

எச்பி, டெல், லெனோவோ, ஏசர் எல்லாவற்றிலும் உள்ளே நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே இன்டெல் சிப், ஒரே விண்டோஸ். 1991இல் இன்டெல் தொடங்கிய "இன்டெல் இன்சைடு" திட்டத்தில், அந்த முத்திரையோடு விளம்பரம் செய்யும் கணினி நிறுவனத்துக்கு அதன் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்தது. வாங்கும் சிப்புகளின் மதிப்பைப் பொறுத்து அந்தத் தொகை சேரும். பணம் வந்தது, ஆனால் எல்லார் விளம்பரத்திலும் ஒரே முத்திரை, பின்னாளில் ஒரே ஐந்து சுர இசை. வாடிக்கையாளர் மனதில் பிம்பம் இன்டெலுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பெட்டி செய்பவருக்கு மிச்சம் இருந்தது விலை மட்டும். 1992 ஜூனில் கம்பாக் என்ற பிசி நிறுவனம் விலையை ஒரேயடியாக வெட்டியபோது மற்றவர்களும் பின்னாலேயே இறங்க வேண்டியிருந்தது இதனால்தான்.

சட்டம் எதுவரை விடும்

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1979லேயே, உண்மையாக இருக்கும்வரை போட்டியாளரின் பெயரைச் சொல்லி ஒப்பிடுவதை ஊக்குவித்தது. இந்தியாவில் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளப்படுவது கணினி வழக்கு அல்ல, துணி வெளுக்கும் நீல வழக்கு. ராபின் புளூ தயாரித்த நிறுவனம் உஜாலாவின் விளம்பரத்தை எதிர்த்து 1990களில் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. என் பொருள் உலகிலேயே சிறந்தது என்று சொல்லலாம், அது உண்மை இல்லாவிட்டாலும். போட்டியாளருடையதைவிட நல்லது என்று சொல்லி, காரணங்களையும் ஒப்பிடலாம். போட்டியாளருடையது மட்டம் என்று சொல்லக் கூடாது. அந்தத் தீர்ப்பின் கோடு இதுதான். பெயர் சொல்லாமல் காட்டினாலும் எது என்று தெரிந்துவிட்டால் கோடு பொருந்தும். விளம்பரத் தர மன்றத்தின் விதிகள் இன்னொன்றும் சேர்க்கின்றன: ஒப்பிடும் அம்சத்தைத் தனக்குச் செயற்கையாகச் சாதகம் வரும்படி பொறுக்கக் கூடாது. லாரனின் 17 அங்குலத்தை இங்கே ஒருவர் புகாராக எழுதியிருந்தால் வாதம் சுவாரசியமாக இருந்திருக்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது

முதலில் முழு மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பெயரை அல்ல. ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும், மங்கல் திரையும் பளிச் திரையும் விற்கும். விளம்பரத்தின் விலை அடிமட்ட மாடலுக்கு, படத்தில் இருப்பது மேல்மட்ட மாடல் என்பது சாதாரணமாக நடப்பது. பிறகு நட்சத்திரக் குறிக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து. உதாரணத்துக்கு, 49,990 ரூபாய் என்று போட்டு, கீழே "8,000 வரை எக்ஸ்சேஞ்ச், 3,000 கார்டு தள்ளுபடி உட்பட" என்றிருந்தால், அந்தக் கார்டும் பழைய லேப்டாப்பும் இல்லாதவருக்கு விலை 60,990. "வரை" என்ற சொல் இருந்தால் பழையதற்கு முழுத் தொகை கிடைக்காது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்க விலையைப் பார்த்து ஒப்பிடுபவர்கள், அங்கே கடை விலையில் மாநில விற்பனை வரி சேராது, இங்கே எம்ஆர்பியில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு கணினியை ஒப்பிடும்போது ரேம், எஸ்எஸ்டி, திரையின் புள்ளிகள், எடை நான்கையும் இரு பக்கமும் சமமாக்கிவிட்டு விலையைப் பாருங்கள். ஆப்பிள் போன்ற நிறுவனங்களில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே கூட்டினால் கட்டணம் கடுமை. அங்கேதான் ஆரம்ப விலையின் கவர்ச்சி கரையும். மறுபக்கம், மூன்று வருடம் கழித்து விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதை விலைக் கட்சி ஒருபோதும் பேசாது. பழைய சரக்கு விற்கும் கடையில் கேட்டால் தெரியும்.

வேகத்துக்கு எந்தச் சோதனை, எந்தப் போட்டி மாடல், எந்த ஆண்டு மாடல், சார்ஜரில் செருகியா பேட்டரியிலா என்று பாருங்கள். பல விண்டோஸ் லேப்டாப்புகள் செருகியை எடுத்ததும் வேகம் குறையும். பேட்டரி மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் வீடியோ ஓட்டி எடுத்தது. பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ அழைப்பு என்று வேலை செய்பவர் அதில் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. இந்த விவரம் எதுவுமே சின்ன எழுத்தில்கூட இல்லையென்றால், அந்த வேக எண்ணைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டு மிச்சத்தை வைத்து முடிவெடுங்கள்.